பிரைடியின் பெயர் வரவில்லை

ஆகஸ்ட் 9, சனி

பெண்டிகோவில் ஆட்டம். கார் கண்ணாடி முழுக்க உறைபனி. வெந்நீர் ஊற்றாதே, விரிசல் விடும் என்று ராஸ் கத்திக்கொண்டிருக்கும்போதே ஊற்றிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. அதற்காகவும் கோபித்துக்கொண்டான்.

பிரைடி இன்று ஆடியதை எப்படி எழுதுவது? காலோடு கையும் ஆடும் ஆஸ்திரேலியக் கால்பந்தில், நடுவர் பந்தை மேலே எறிந்த ஒவ்வொரு முறையும் காற்றில் முதலில் இருந்தது அவள்தான். மூன்றாவது பகுதியில் எதிரணிப் பெண்ணின் முழங்கால் இவள் விலாவில் இறங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது ஐம்பது மீட்டர் தள்ளி ஓடிக்கொண்டிருந்தாள்.

வேலியோரம் ஏழு பேர், தொப்பியும் குறிப்பேடுமாக. ஆள் எடுக்க வந்த கிளப்காரர்கள். ராஸ் காதோரம் சொன்னான்: "சந்தையில ஆடு வாங்க வந்தவங்க மாதிரியே நிக்கிறாங்க பாரு. பல்லைப் பிடிச்சுப் பாக்கறது ஒண்ணுதான் பாக்கி." சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது நம் பெண்ணை.

திரும்பும் வழியில் விலாவில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு இறைச்சி அடைத்த பஃப் இரண்டு தின்றாள்.

"அம்மா, பச்சைக் கோட்டு போட்டவங்க என்னைப் பத்தி எழுதினாங்களா?"

"எழுதினாங்க."

"எவ்ளோ நேரம்?"

"பேனா மை தீர்ற வரைக்கும்."

"போம்மா. புளுகாத."

ஆகஸ்ட் 21, வியாழன்

பயிற்சிக்குப் பெண்டிகோ போய் வர நாலரை மணி நேரம். வழியில் கங்காரு. பிரேக்கை மிதித்த மிதியில் தாடை கிட்டிவிட்டது எனக்கு. பிரைடி எழுந்திருக்கவே இல்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

கடிதம் வந்துவிட்டது. மெல்பர்னில் நடக்கும் தேர்வுச் சோதனைக்கு நாடு முழுக்க அழைத்த பெண்களில் இவளும் ஒருத்தி. ராஸ் டிராக்டரை வயலின் நடுவில் அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து கடிதத்தை மூன்று முறை படித்தான். படித்த பிறகு அவளைத் தூக்கப் பார்த்தான். ஆறடி ஒரு அங்குலம். தூக்க முடியவில்லை. அவள்தான் அவனைத் தூக்கிவிட்டாள்.

பதினாலு வயது வரை பையன்களோடு ஆடினாள். அதற்கு மேல் பெண்கள் சேர்ந்து ஆட அனுமதி இல்லை, ஊரில் பெண்கள் அணியும் இல்லை. அன்றிலிருந்து நாலு வருஷம் வாரத்துக்கு இரண்டு தடவை பெண்டிகோ. அந்த ரோட்டில் ஒவ்வொரு குழியும் எனக்குத் தெரியும்.

அக்டோபர் 4, சனி

மெல்பர்ன். ஓடிவந்து குதித்துத் தொடும் சோதனையில் இரண்டாவது. இருபது மீட்டர் ஓட்டம் சுமார். இரண்டு கிலோமீட்டர் ஓடி முடித்து வாந்தி எடுத்தாளாம். எல்லாருமே எடுத்தார்களாம்.

காரில் ஏறிக் கொஞ்ச தூரம் வந்த பிறகு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மனசு பத்தியும் கேட்டாங்க. ஒரு பெரிய படிவம். 'இதுக்கு முன்னாடி எப்பவாவது'ன்னு ஆரம்பிச்சு."

"என்ன எழுதின?"

"இல்லைன்னு எழுதினேன்."

நான் ரேடியோவை அணைத்தேன்.

"அம்மா, அது என் விஷயம். நான் சொல்லணும்னா நான் சொல்லிக்கறேன். சரியா?"

சரி என்றேன்.

அவளுக்குப் பதினாறு வயதான அந்தக் குளிர்காலம். ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கு எழுந்திருக்கவில்லை. செவ்வாயும் இல்லை. அடுத்த வாரமும் இல்லை. டாக்டர் கேட்டார், ஏதாவது நடந்ததா, யாராவது ஏதாவது செய்தார்களா? ஒன்றுமே நடக்கவில்லை. அதுதான் எனக்குப் புரியாதது, காரணம் என்று பிடித்துக்கொள்ள ஒரு பொருளும் இல்லை. ஸ்பூனால் சூப் ஊட்டினேன். தலை வாரிவிட்டேன். ஊரில் சுரப்பிக் காய்ச்சல் என்று சொல்லி வைத்தோம். டாக்டர், ராஸ், நான் — மூன்று பேருக்குத்தான் தெரியும். பதினோரு வாரம்.

அக்டோபர் 23, வியாழன்

பச்சைக் கோட்டுக்காரி வீட்டுக்கே வந்தாள். பெயர் ஈவ் கரவாஸ். ஆடிய காலத்தில் இரண்டு முழங்காலும் போனவள், படியேறும்போது கைப்பிடியைப் பிடிக்கிறாள். அவள் கிளப் வேறு மாநிலத்தில், விமானத்தில் மூன்று மணி நேரம். "எங்களுக்கு உயரமான பொண்ணு ஒண்ணு வேணும், கெரின். நான் மூணு பேரைப் பாக்கறேன். உண்மையைச் சொன்னா, என் மனசுல உங்க பொண்ணுதான்," என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள். எனக்கு உடனே பிடித்துப்போனது. அதுதான் தப்போ என்னவோ.

ராஸ் வைக்கோல் அறுக்கப் போயிருந்தான். பிரைடி அவளுக்கு ஆட்டுப் பட்டி, கொட்டகை, சின்ன வயதில் உதைத்துப் பழகிய இரும்புத் தொட்டி எல்லாம் காட்டினாள். பிறகு கிடா ஒன்று வேலியில் மாட்டிக்கொண்டு கத்த, அதை எடுத்துவிட ஓடினாள். அடுக்களையில் நானும் ஈவும் மட்டும். டீ. எலுமிச்சைக் கேக்கில் இரண்டாவது துண்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"இதை எல்லா வீட்டுலயும் கேப்பேன். அம்மாக்களுக்குத்தான் தெரியும். அவளை நாங்க கூட்டிட்டுப் போனா, எதை நினைச்சா உங்களுக்குப் பயம்?"

முழங்கால் என்று சொல்லியிருக்கலாம். வீட்டு நினைப்பு வரும் என்று சொல்லியிருக்கலாம். சமைக்கத் தெரியாது என்று சொல்லிச் சிரித்திருக்கலாம். என் கண்ணுக்குத் தெரிந்ததோ எங்கேயோ ஓர் ஊரில், ஓர் அறையில், திரை போட்ட ஜன்னலுக்குக் கீழே அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பது. கதவைத் தட்ட ஒருவர் இல்லை. யாருக்காவது தெரிந்திருந்தால் தட்டுவார்களே.

சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை, செவ்வாய்க்கிழமை, சூப், ஸ்பூன், எல்லாம்.

"யாராவது ஒருத்தர் அவளைப் பாத்துக்கணும். அதுக்காகத்தான் சொல்றேன்," என்றேன்.

ஈவ் பேனாவை மூடினாள். "இதை நான் எழுதிக்கல," என்றாள். இன்னும் சொல்ல இருந்தது எனக்கு. அதற்குள் பிரைடி முழங்கை வரை சேறோடு சிரித்துக்கொண்டே உள்ளே வந்துவிட்டாள். "கிடா என்னை உதைச்சிருச்சு ஈவ், இதையும் உங்க புக்ல எழுதிக்கோங்க — இடது கால்ல உதைக்குது, நல்ல உதை."

ஈவ் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அக்டோபர் 24, வெள்ளி

சொல்லியிருக்கக் கூடாது.

சொல்லாமல் அனுப்பி ஏதாவது ஆகியிருந்தால்?

சொல்லியிருக்கக் கூடாது.

நவம்பர் 17, திங்கள்

அறுவடை தொடங்கிவிட்டது. எனக்கு வழக்கம்போல் தானியக் கிடங்கில் மாதிரி எடுக்கும் வேலை: வந்து நிற்கும் லாரியில் குழாயை இறக்கிக் கோதுமையை உறிஞ்சி ஈரமும் தரமும் பார்ப்பது. ராஸ் அறுவடை இயந்திரத்தில். பிரைடி பக்கத்திலேயே டிராக்டர் ஓட்டித் தானியத்தை வாங்கிக்கொள்கிறாள்.

ஈவிடமிருந்து அவளுக்கு இன்று செய்தி: "நல்லா ஓடிட்டிரு. தொடர்புல இருப்போம்." பிரைடி அதைப் பதினைந்து தடவை எனக்குப் படித்துக் காட்டினாள்.

"'தொடர்புல இருப்போம்'னா என்னம்மா அர்த்தம்? எடுக்கறதா இல்லன்னா எதுக்கு இப்படி அனுப்பணும்?"

"ஆமா," என்றேன். போன மாதம் வரை வாரம் மூன்று செய்தி வந்துகொண்டிருந்தது. எண்ணியது நான் மட்டும்தான் போலிருக்கிறது.

டிசம்பர் 9, செவ்வாய்

டிராஃப்ட், பெரிய கிளப்புகள் புது ஆள் எடுக்கும் நாள். ஊர் கிளப் கூடத்தில் பெரிய திரை வைத்திருந்தார்கள். நூறு பேர் இருக்கும். அறுவடையைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தலையில் பதரோடு வந்தவர்கள். வெளியே தொத்திறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார்கள். ஆறு மணிக்கு ஆரம்பம், வெயில் இன்னும் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. முன்வரிசை நடு நாற்காலியில் பிரைடி, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ராஸ். போன வாரம் வாங்கிய நீலச் சட்டை. இஸ்திரி போட்டது நான்.

கிளப்புகள் முறை வைத்து ஒவ்வொரு பெயராக எடுக்கின்றன. முதல் பத்தில் இவள் இருக்க மாட்டாள், தெரியும். ஈவின் கிளப்புக்கு இருபத்து மூன்றாவது முறை. இருபத்திரண்டு போனதும் கூடம் அமைதியாகிவிட்டது. வெளியே வாட்டுகிறவர்கள்கூட இடுக்கியோடு வந்து வாசலில் நின்றார்கள். பிரைடி என் கையைப் பிடித்தாள்.

டாஸ்மேனியாவிலிருந்து ஒரு பெண். அவளும் உயரம். அவளும் களத்தில் பிரைடியின் இடத்தில் ஆடுகிறவள்.

பிரைடி கையை எடுக்கவில்லை. "பரவால்ல. வேற கிளப் இருக்கு," என்றாள், சத்தமாக, மற்றவர்களுக்காக. இன்னும் முப்பத்தேழு பெயர். ஒவ்வொரு பெயருக்கும் திரையில் யாரோ ஒரு குடும்பம் குதித்துக் கட்டிப்பிடித்து அழுதது. யாரோ ஓர் அப்பா, யாரோ ஒரு தம்பி, யாரோ ஒரு நாய். நாற்பது தாண்டியதும் பின்வரிசையில் நாற்காலிகள் நகரும் சத்தம். ஐம்பது. ஐம்பத்தெட்டு. அறுபது.

அவ்வளவுதான்.

ஆளுக்காள் ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள். பிரைடி எழுந்து திரும்பி நின்றாள். "யாரும் எதுவும் சொல்லாதீங்க, ப்ளீஸ். தொத்திறைச்சி ஆறிடும், சாப்பிடுங்க." அதன்பிறகு நாற்காலிகளை மடக்க ஆரம்பித்தாள். நூறு நாற்காலியையும் அவளே மடக்கினாள். யார் உதவிக்கு வந்தாலும் தலையை ஆட்டி அனுப்பிவிட்டாள்.

ராஸ் வண்டியில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதான். நான் அழவில்லை. எனக்கு அழ என்ன உரிமை இருக்கிறது?

டிசம்பர் 10, புதன்

ஆறு மணிக்கு எழுந்து டிராக்டர் ஓட்டப் போய்விட்டாள். அவள் கதவு திறக்கும் சத்தம் கேட்கும் வரை நான் நடையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எழுந்துவிட்டாள். எழுந்துவிட்டாள்.

டிசம்பர் 13, சனி

எழுதவே கை வரவில்லை. ஆனால் வேறு எங்கே சொல்வது?

பதினோரு மணிக்கு மேல் கிடங்குக்கு வந்தாள். லாரி வரிசை ரோடு வரை நின்றது. நான் மாதிரி மேடையில், குழாய் கோதுமைக்குள். மேடைக்குப் படியேறி வந்தாள்.

"ஈவுக்கு போன் பண்ணேன். எதுல தோத்தேன்னு தெரியணும்ல, அதுல வேலை செய்யலாம்ல. ஓட்டமான்னு கேட்டேன், உதையான்னு கேட்டேன். அதெல்லாம் இல்லன்னாங்க. 'வீட்டை விட்டுத் தூரமா வந்தா உனக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சோம்'னாங்க."

நான் குழாயைத் தூக்கினேன். கோதுமை சிந்தியது.

"நான் தூரமா போனதே இல்லையேன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல, அம்மா. அப்புறம், 'உடம்பைப் பாத்துக்கோ பிரைடி'ன்னாங்க. எந்த உடம்பை? எனக்கு உடம்புக்கு என்ன?"

"பிரைடி —"

"மூணு பேருக்குத்தான் தெரியும். டாக்டர் சொல்ல மாட்டார். அப்பாவுக்கு அதைப் பத்திப் பேசவே வாய் வராது." குரல் இறங்கிவிட்டது. "நீ இல்லன்னு சொல்லும்மா. நான் நம்பிடறேன்."

கீழே லாரியில் இருந்தவர் எஞ்சினை அணைத்துவிட்டார். ஊர்க்காரர்தான். எங்கேயோ பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

"நான்தான் சொன்னேன்," என்றேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"நாலு வருஷம் என்னைப் பெண்டிகோவுக்கு ஓட்டிட்டுப் போன. மழையில, பனியில. எதுக்கும்மா? கடைசில நீயே கதவை சாத்தறதுக்கா?"

இறங்கிப் போய்விட்டாள். லாரிக்காரர் கொஞ்ச நேரம் கழித்து, "ஈரம் எவ்வளவு, கெரின்?" என்றார், மெதுவாக. பார்த்துச் சொன்னேன். அடுத்த லாரி வந்தது. அதற்கும் சொன்னேன். சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டே இருந்தேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

ராஸிடம் சொன்னேன். பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தவன் ஒரு பூட்ஸோடு அப்படியே இருந்தான்.

"நானா இருந்தா சொல்லியிருக்க மாட்டேன்," என்றான்.

மற்ற பூட்ஸையும் கழற்றிவிட்டு: "என்னால முடிஞ்சிருக்காது, அதான். நீ சொன்னது சரின்னு சொல்லல. தப்புன்னும்... தெரியல கெர். என்னைக் கேக்காத."

கேட்கவில்லை.

டிசம்பர் 25

மூன்று பேர் மேசையில். உப்பை எடு, இந்தா. அவ்வளவு பேச்சு.

ஜனவரி 3, சனி

போய்விட்டாள். டார்வினுக்கு. அங்கே மழைக்காலத்தில்தான் ஆட்டம், சீசன் பாதியில் இருக்கிறது, உயரமான ஆள் யார் வந்தாலும் எடுத்துக்கொள்வார்களாம். இரும்புச் சாமான் கடையில் வேலை, அணிப் பெண்கள் இரண்டு பேரோடு வீடு. ராஸ்தான் விமான நிலையத்துக்குக் கூட்டிப் போனான். நான் வரட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம்மா," என்றாள். முரட்டுத்தனமாக இல்லை, அடுத்த வீட்டுக்காரரிடம் சொல்வதுபோல. கட்டிப்பிடித்தேன். இரண்டு கையிலும் பை வைத்திருந்தாள். கீழே வைக்கவில்லை.

பயம் என்று நான் சொன்னது அவள் மூன்று மணி நேரத் தொலைவில் தனியாக இருப்பதைத்தான். அங்கே ஒரு கிளப் இருந்திருக்கும். இப்போது அதைவிடத் தூரம். விஷயம் தெரிந்தவர் எவரும் இல்லை.

ஜனவரி 20, செவ்வாய்

ராஸுக்கு போன் வந்தால் நான் நடையில் துணி மடிக்கிறேன். ஒரே துவாலையை நாலு முறை மடித்தேன் இன்று. முதல் ஆட்டத்தில் ஜெயித்தார்களாம். "அம்மா பக்கத்துல இருக்கா, குடுக்கட்டா?" என்றான். பதில் எனக்குக் கேட்கவில்லை. "சரி, சரிம்மா," என்றான்.

பிப்ரவரி 11, புதன்

ஈவுக்கு நானே போன் செய்தேன். திட்டத்தான் எடுத்தேன்.

"எழுதிக்க மாட்டேன்னு சொன்னீங்க."

"எழுதல, கெரின். சத்தியமா எழுதல. யாருக்கும் சொல்லவும் இல்ல." அவள் குரலும் சரியில்லை. "கடைசிக் கூட்டத்துல ரெண்டு பேர் மிச்சம். தலைமைப் பயிற்சியாளர் என்னைப் பாத்து, 'பிரைடிக்கு நீ பொறுப்பேத்துக்கறியா'ன்னு கேட்டார். எப்பவும் உடனே ஆமான்னு சொல்ற ஆள் நான். அன்னிக்கு ஒரு நிமிஷம் பேசாம இருந்துட்டேன். அந்த ரூம்ல அது போதும்."

திட்டாமலே போனை வைத்தேன். எழுதியிருந்தால்கூட யாராவது படித்து, டாக்டரைக் கேட்டு, பரவாயில்லை என்று சொல்லியிருப்பார்களோ என்னவோ. அவள் ஒரு நிமிஷம் என் பெண்ணுக்காகப் பயந்தாள். நான் பயந்ததுபோலவே. அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

மார்ச் 24, செவ்வாய்

ராஸ் போனை அடுக்களையில் மறந்துவிட்டு விதைப்பு இயந்திரத்தைச் சரிபார்க்கப் போயிருந்தான். டார்வின் எண். எடுத்துவிட்டேன். லெட்டி என்ற பெண், பிரைடியோடு ஒரே வீட்டில் இருப்பவள், ஒரே அணி.

"பிரைடி அப்பா இல்லையா?"

"நான் அவ அம்மா."

"அம்மாகிட்ட சொல்லாதன்னு சொன்னா. ஆனா ஆன்ட்டி... சீசன் முடிஞ்சு பத்து நாளாச்சு. அஞ்சு நாளா எழுந்திருக்கல. வேலைக்கும் போகல. மாம்பழம் வெட்டிக் கொடுத்தேன், அப்படியே இருக்கு. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல."

"நீ போன் பண்ணியே. அதுதான் பண்ணணும்," என்றேன். "கதவைத் தட்டிட்டே இரு. பதில் வராட்டியும் தட்டு."

நாளை காலை விமானம்.

மார்ச் 28, சனி. டார்வின்

மழை கொட்டுகிறது, வேர்க்கவும் வேர்க்கிறது. அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். வந்த அன்று என்னைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். போ என்று சொல்லவில்லை. நேற்று லெட்டியும் நானுமாக டாக்டரிடம் கூட்டிப்போனோம். மாத்திரை மறுபடி ஆரம்பம்.

இன்று மத்தியானம், சுவரைப் பார்த்தபடியே:

"நீ சொன்னது சரியாப் போச்சு. சந்தோஷமா?"

"இல்ல."

"அங்க போயிருந்தாலும் விழுந்திருப்பேன்."

"விழுந்திருப்ப. ஆனா அங்க டாக்டர் இருந்திருப்பாங்க, கூட ஆடறவங்க முப்பது பேர் இருந்திருப்பாங்க. நீ அவங்க ஆளா இருந்திருப்ப. அதை நான் யோசிக்கல, பிரைடி."

தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"அந்தப் பதினோரு வாரம் கழிச்சு நான் எழுந்தேன்ல?" என்றாள். "நானா எழுந்தேன். யாரும் எழுப்பல. நீ அடுக்களையில இருந்த, நான் பந்தை எடுத்துட்டு வெளிய போனேன். அதை ஈவ்கிட்ட சொன்னியா?"

அதைச் சொல்லவில்லை. சொல்லவே இல்லை. அந்தக் காலை எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது — தொட்டியில் பந்து மோதும் சத்தம் கேட்டு, சோப்பு நுரைக் கையோடு ஜன்னலுக்கு ஓடினேன். என் வாழ்க்கையிலேயே நல்ல காலை அது. அதை மட்டும் விட்டுவிட்டு மீதி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேன்.

"சொல்ல வந்தேன். அதுக்குள்ள நீ உள்ள வந்துட்ட."

"கிடாவோட."

"கிடாவோட."

முதுகு குலுங்கியது. அழுகிறாளா, சிரிக்கிறாளா, தெரியவில்லை. தொடலாமா என்று யோசித்து, முதுகில் கை வைத்தேன். தட்டிவிடவில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

நாளை ஊருக்குக் கிளம்புகிறேன். நேற்று அவளும் லெட்டியும் கடற்கரை வரை நடந்தார்கள். வேலைக்குப் பாதி நேரம் போகிறாள். வீட்டுக்கு வந்துவிடேன் என்று கேட்டேன்.

"இல்லம்மா. இங்க இருக்கேன்."

"இந்த வருஷமும் டிராஃப்டுக்குப் பேர் கொடுப்பேல்ல? பத்தொன்பது வயசு ஒரு வயசா."

ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே தலையை ஆட்டினாள். "இல்ல. அந்த நாற்காலியில இன்னொரு தடவை உக்கார மாட்டேன். எனக்கு ஆடப் பிடிக்கும்மா. அவ்ளோதான். அதை மட்டும் விட்டு வைங்க எனக்கு."

'விட்டு வைங்க.' என்னைத்தான் சொன்னாள். அவளுக்கு அது தெரியாமல்கூட இருக்கலாம்.

மன்னித்தாளா என்று கேட்கவில்லை. விமான நிலையத்தில் லெட்டிதான் என்னைக் கட்டிப்பிடித்தாள். பிரைடி என் பையை வரிசை வரை தூக்கி வந்தாள்.

செப்டம்பர் 8, செவ்வாய்

ஈவ் கூப்பிட்டாள். பிரைடி பேர் கொடுப்பாளா என்று கேட்டாள். டார்வின் ஆட்டங்களின் ஒளிப்பதிவைப் பார்த்தாளாம். இந்தத் தடவை உடனே ஆமா சொல்வேன் என்றாள்.

"அவகிட்ட கேளுங்க."

"அவ எப்படி இருக்கா, கெரின்?"

நாக்கு நுனி வரை வந்தது, எவ்வளவோ.

"அவகிட்ட கேளுங்க, ஈவ்," என்றேன்.

அக்டோபர் 14, புதன்

பெயர் கொடுக்கும் கெடு நேற்றோடு முடிந்தது. ராஸ் பட்டியலை இரண்டு முறை மேலும் கீழும் பார்த்தான். இல்லை. "ம்," என்றுவிட்டு ஆட்டுப் பட்டிக்குப் போனான். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

அக்டோபர் 17, சனி

காலையில் எனக்கு ஒரு செய்தி. ராஸுக்கு இல்லை, எனக்கு. "மூணு மணிக்கு ஆட்டம். இதுல பாக்கலாம்." கீழே ஒரு சுட்டி. ஜனவரிக்குப் பிறகு அவளாக எனக்கு அனுப்பிய முதல் செய்தி.

கொட்டகையில் சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில், கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து பார்த்தேன். ஒரே ஒரு கேமரா, அதுவும் ஆடிக்கொண்டே இருந்தது. வர்ணனையாளருக்கு எங்கள் குடும்பப் பெயர் வாயில் நுழையவில்லை. மைதானத்தில் நூறு பேர்கூட இல்லை. நடுவர் பந்தை எறிந்ததும் அவள் எழும்பினாள். ஒவ்வொரு தடவையும். கடைசிப் பகுதியில் கூட்டத்துக்கு மேலே எம்பி ஒரு பந்தைப் பிடித்தாள் பாருங்கள் — யாரிடம் சொல்கிறேன். கோழிகளிடம்தான் கத்தினேன்.

இந்த ஒரு வருஷத்தில் அவளை எடுத்திருக்க வேண்டிய எல்லோரையும் நினைத்துக்கொண்டேன். என்னையும்.

ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து: "பாத்தியா?"

என்னென்னவோ எழுதினேன், அழித்தேன். கடைசியில், "பாத்தேன்."

கோழிகளுக்குத் தீனி போட்டேன். பிறகு வந்தது: "மாத்திரை விடாம எடுக்கறேன். போன வாரம் கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு, இப்ப பரவால்ல. நீ கேக்க மாட்டேன்னு தெரியும். அதான் சொல்றேன். உனக்கு மட்டும்."

கொட்டகைக்கு ராஸ் வந்தான், கையில் கயிறோடு. என் முகத்தைப் பார்த்தான்.

"யாரு, பிரைடியா? என்ன சொல்றா?"

"பன்னிரண்டு புள்ளியில ஜெயிச்சிருக்காங்க," என்றேன்.